கண்ணறையிலிருந்து உயிரணுவரை

சொல்லுக்கும் வரலாறு உண்டு. ஓர் ஊரின் பெயர் அவ்வூர் தோன்றிய வகையைச் சில வேளைகளில் காட்டிக்கொடுப்பது போல, ஓர் அறிவியற் சொல்லும் அவ்வறிவு கடந்து வந்த வழியைக் காட்டிக்கொடுக்கும். உயிரியலின் அடிப்படைச் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழகப் பாடநூல்கள் அதனைச் 'செல்' என எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் 'கலம்' என்பர். 'உயிரணு' என்பாரும் உளர்; 'கண்ணறை' என்று எழுதியோரும் உளர். மலேசியத் தமிழ் மாணவன் தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்பொழுது, மலாய் மொழியிலும் 'செல்' என்னும் அதே ஒலியைக் கேட்கிறான்.

இவற்றுள் எது சரியான சொல் என்பது தமிழாசிரியர்களிடையே எழும் வினா. அதற்கு முன்னர்க் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு. அப்பொருளை முதன்முதலாகக் கண்டவர் கண்டது யாது? பின்வந்தோர் அதில் கண்டது யாது? இதனை அறிந்துவிட்டால், நம் தமிழ்ச்சொற்கள் ஒன்றோடொன்று போரிடுவன அல்ல என்பதும், ஒவ்வொன்றும் அவ்வரலாற்றின் ஒவ்வொரு படியில் நின்று பேசுகிறது என்பதும் விளங்கும். அவ்வரலாற்றைத் தேடி இலண்டனுக்கும் டெல்ஃப்ட் நகருக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. எனினும் அதன் பொருளைக் கண்ணெதிரே காட்டும் சான்று ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங் வட்டாரத்துப் பால்மரங்களிலேயே இருக்கிறது.

கண்ணின் எல்லை

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக உயிர்களை ஆறு வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் ஓரறிவுயிர், மக்கள் ஆறறிவுயிர். உற்றறிதல், சுவைத்தறிதல், மோந்தறிதல், கண்டறிதல், கேட்டறிதல், மனத்தால் அறிதல் என்னும் வரிசையில் அமைந்த இப்பாகுபாடு, புலன்களால் அறியத்தக்கவற்றை அடிப்படையாகக் கொண்டது. மரத்தையும் உயிராகவே எண்ணி ஒரே வரிசையில் மனிதனோடு வைத்த அச்சிந்தனை போற்றத்தக்கது.

ஆயினும், புல்லும் மனிதனும் ஒரே வகையான நுண்கூறுகளால் ஆனவர்கள் என்று கூறுவதற்கு அறிவுக்கூர்மை மட்டும் போதாது, கருவி வேண்டும். மனிதக் கண் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்ததைப் பிரித்தறிய இயலாது. நம் உடலின் பெரும்பாலான நுண்கூறுகளோ அதனினும் பன்மடங்கு சிறியவை. ஆகவே முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என வலிந்து உரைப்பது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது. கண்ட அளவில் செம்மையாகக் கண்டனர் என்பதே அவர்களுக்குரிய பெருமை.

வெற்றறையைக் கண்டவர்

1665-ஆம் ஆண்டு இலண்டனில் 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ராபர்ட் ஹூக், அரச கழகத்தில் ஆய்வுகளைச் செய்துகாட்டும் பொறுப்பில் இருந்தவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, புட்டிகளை அடைக்கப் பயன்படும் தக்கை. தக்கை ஏன் இத்துணை இலேசாக இருக்கிறது? ஏன் நீரில் மிதக்கிறது? அழுத்தினால் ஏன் அமுங்கி, விட்டதும் பழைய வடிவை அடைகிறது? இவ்வெளிய வினாக்களே அவரை உந்தின.

கூரிய கத்தியால் தக்கையை மிக மெல்லிய சீவலாக்கி, கரிய தட்டின்மேல் வைத்து, ஒளியைக் குவித்து நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடையைப் போன்று அடுக்கடுக்காக அமைந்த சிற்றறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் சிற்றறை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே பெயராக இட்டார். துறவியர் மடத்து அறைகளைக் கண்டு இட்ட பெயர் எனப் பாடநூல்கள் பல கூறும். அவர் நூலில் ஒப்புமையாக வருவது தேனடையே. ஓர் அங்குல நீளத்தில் 1,080 அறைகள் எனக் கணக்கிட்ட அவர், ஒரு கன அங்குலத் தக்கையில் 1,25,97,12,000 அறைகள் உள்ளன என்று எழுதினார். காற்று நிறைந்த இத்தனை அறைகள் இருப்பதே தக்கையின் இலேசுக்குக் காரணம் என்பது அவர் கண்ட விடை.

விடை சரியானது. ஆனால் அவர் கண்டவை உயிரற்ற அறைகள். தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. அதிலுள்ள நுண்கூறுகள் இறந்து, சுவர் மட்டும் எஞ்சியவை. குடியிருந்தவர் போனபின் நின்ற வீட்டையே ஹூக் கண்டார். பச்சைச் செடிகளில் அவ்வறைகள் சாறு நிறைந்திருப்பதையும் அவர் கண்டதுண்டு. எனினும் அச்சாறே உயிர்ப்பொருள் என்பது அவருக்குப் புலப்படவில்லை. அறை என்னும் பெயரோ நிலைத்துவிட்டது. நம்முடைய 'கண்ணறை', 'கலம்' ஆகிய இரு சொற்களும் இப்படியில் நிற்பவை. அறையும் கலமும் உள்ளீட்டைச் சுட்டாமல், அதனைத் தாங்கும் சுவரையே சுட்டுகின்றன அல்லவா?

மிளகு நீரில் ஓர் உலகம்

ஹூக் வெற்றறையைக் கண்டார் என்றால், உயிருள்ள தனிக்கூறுகளைக் கண்டவர் ஒரு துணி வணிகர். ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த அந்தோனி வான் லேவன்ஹூக் (1632–1723) பல்கலைக்கழகம் கண்டவரல்லர். அக்காலக் கற்றோர் மொழியாகிய இலத்தீனும் அறியாதவர். ஒற்றை வில்லையைத் தாமே தேய்த்து, சிறு உலோகத் தகட்டில் பொருத்தி அவர் செய்த கருவிகளுள் எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது, பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டும்.

மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்று அறிய விரும்பிய லேவன்ஹூக், அதனை நீரில் ஊறவைத்தார். கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலேறிச் சென்று ஐரோப்பியரின் அடுக்களைகளில் நுழைந்த பொருள் அது. மிளகின் துகள்களில் ஊசி போன்ற முனைகள் இருக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். சில வாரங்கள் கழித்து அந்நீரின் துளியை நோக்கியபோது, ஊசிமுனைகளைக் காணவில்லை; எண்ணற்ற நுண்ணுயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டார். 1676-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் அரச கழகத்துக்கு அவர் எழுதிய கடிதம் இச்செய்தியைத் தாங்கிச் சென்றது. கழகத்தார் ஐயுற்றனர். மறு ஆண்டு ஹூக் தாமே மிளகு நீரை ஊறவைத்துச் சோதித்து, அக்கூற்று மெய்யே எனக் காட்டினார்.

தமிழாசிரியர்கள் உளங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. லேவன்ஹூக் தம் கடிதங்களை எல்லாம் தம் தாய்மொழியாகிய டச்சிலேயே எழுதினார். அரச கழகத்தார் மொழிபெயர்த்து வெளியிட்டனர். ஹூக்கும் தம் நூலை இலத்தீனில் எழுதாமல் ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலம் அன்று அறிவியலின் உலகமொழி அன்று. கண்டதைக் கண்டபடி சொல்ல அவரவர் வீட்டு மொழியே அவர்களுக்குப் போதுமானதாயிற்று.

அறை உயிராயிற்று

இதன்பின் ஒன்றரை நூற்றாண்டு, பார்த்தவை பெருகின. அவற்றின் பொருள் விளங்கவில்லை. வில்லைகளின் ஓரங்களில் தோன்றிய நிறச்சிதறல் காட்சியை மயக்கியது. 1830-ஆம் ஆண்டையொட்டி அக்குறை பெரிதும் நீங்கியதும் கண்டுபிடிப்புகள் விரைந்து தொடர்ந்தன.

1831-இல் ராபர்ட் பிரௌன், ஆர்க்கிட் செடியின் அறைகளுள் ஒவ்வொன்றிலும் உருண்டையான பொருளொன்று இருப்பதைக் கண்டு, அதற்கு உட்கரு எனப் பெயரிட்டார். 1838-இல் மத்தியாஸ் ஷ்லைடன், செடிகளின் எல்லா உறுப்புகளும் இவ்வறைகளால் ஆனவையே என்றார். 1839-இல் தியோடர் ஸ்வான், விலங்குகளுக்கும் அஃதே எனக் கூறினார். செடிக்கும் விலங்குக்கும் கட்டுமானம் ஒன்றே என்னும் இவ்வுண்மை, அதுவரை இருவேறு உலகங்களாகக் கருதப்பட்டவற்றை ஒன்றாக்கியது.

ஆனால் இவ்விருவரும் ஒன்றில் பிழைபட்டனர். புதிய அறைகள், சாற்றில் உப்புப் படிகம் உருவாவது போலத் தாமே உருவாகின்றன என அவர்கள் எண்ணினர். ராபர்ட் ரெமாக் இதனை மறுத்தார். கோழிக்கருவின் வளர்ச்சியை ஆராய்ந்த அவர், ஒன்று இரண்டாகப் பிரிவதனாலேயே புதியன தோன்றுகின்றன என 1852-இல் அறிவித்தார். யூதராகிய அவருக்கு முழுப் பேராசிரியர் பதவி எட்டாமலே போயிற்று. அதே கருத்தை ருடால்ஃப் விர்க்கோ 1855-இல் ஒரே இலத்தீன் தொடராக வடித்து, 1858-இல் வெளிவந்த தம் நூலின் வழியே உலகறியச் செய்தார். ஒவ்வொன்றும் தனக்கு முந்திய ஒன்றிலிருந்தே பிறக்கிறது என்பது அத்தொடரின் கருத்து. நோய் என்பதும் உடல் முழுவதையும் பற்றிய மாயம் அன்று. குறிப்பிட்ட நுண்கூறுகளில் நிகழும் கேடே என்றும் அவர் விளக்கினார்.

இவ்விடத்திலேதான் அறை உயிராயிற்று. சுவரில்லாத விலங்குக் கூறுகளும் உயிருடையன என்று கண்டபின், அறை என்னும் பெயர் பொருந்தாததாயிற்று. 'உயிரணு' என்னும் தமிழ்ச்சொல் இப்படியில் நிற்பது. ஆகவே இக்கட்டுரையும் இதுகாறும் அறை என்று கூறிவந்ததை இனி உயிரணு என்றே கூறும்.

உயிரணு பிரியும்போது உட்கருவினுள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் பங்கிடப்படுவதை வால்தர் ஃபிளெமிங் 1882-ஆம் ஆண்டின் நூலில் விரிவாக வரைந்து காட்டினார். அவ்விழைகளை எண்ணி ஆராயும் துறையில் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவர் உலகப்புகழ் பெற்றார். அவரே தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் பயின்ற இ. கே. ஜானகி அம்மாள். 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்தார்; கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டன் என்பவரோடு இணைந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் வெளியிட்டார். 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறையும்வரை ஆராய்ச்சியைக் கைவிட்டாரில்லை. உயிரணுவின் வரலாறு ஐரோப்பியர் வரலாறு மட்டுமன்று என்பதற்கு அவரே சான்று.

இரு பெரும் வகைகள்

உயிரணுக்கள் எண்ணிறந்தன, எனினும் அடிப்படையில் இரு பெரும் வகையினுள் அடங்கும். உட்கருவைச் சூழ ஒரு சவ்வு உண்டா, இல்லையா என்பதே பிரிக்கும் கோடு. சவ்வுசூழ் உட்கரு இல்லாதவை ஒரு வகை. பாக்டீரியாக்கள் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் மரபுப்பொருள் உயிரணுவின் நடுவே தடையின்றிக் கிடக்கும். இவை பெரும்பாலும் ஒரு மைக்ரான் முதல் ஐந்து மைக்ரான் வரை நீளமுடையவை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சவ்வுசூழ் உட்கரு உடையவை மற்றொரு வகை; செடி, விலங்கு, காளான், அமீபா ஆகியவற்றின் உயிரணுக்கள் இதில் அடங்கும். இவை பெரும்பாலும் பத்து முதல் நூறு மைக்ரான் அளவின. உள்ளே பற்பல நுண்ணுறுப்புகளைக் கொண்டவை.

இப்பாகுபாட்டுக்குரிய பெயர்களை 1925-இல் பிரெஞ்சு அறிஞர் எட்வார் ஷாட்டன் முதலில் வழங்கினார். மின்னணு நுண்ணோக்கி வந்தபின், 1962-இல் ஸ்டானியர், வான் நீல் என்னும் இருவர் அதனை நிலைநாட்டினர். 1977-இல் கார்ல் வோஸ், உட்கரு இல்லாதவற்றுள்ளும் ஆர்க்கியா எனும் தனிக்கிளை உண்டு எனக் காட்டினார்.

இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் செய்தி என மாணவர் எண்ணக்கூடும். மலாயாத் தமிழரின் வரலாறு வேறு விதமாகச் சொல்லும். தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரைக் கொன்று குவித்த நோய்களுள் முதன்மையானது மலேரியா. அஞ்சி நடுங்கச் செய்த மற்றொன்று வாந்திபேதி எனப்பட்ட காலரா. இரண்டும் ஓருயிரணு உயிர்களால் வருபவை. ஆனால் அவ்வுயிரணுக்கள் ஒரே வகையின அல்ல. காலராவை விளைவிப்பது பாக்டீரியா. 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் அதனை உறுதிசெய்தார். மலேரியாவை விளைவிப்பதோ நம்மைப் போலவே உட்கரு உடைய உயிரணு. 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் அதனை நோயாளியின் குருதியில் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் வயிற்றில் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்புகளை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கினார்.

1928-இல் கண்டறியப்பட்ட பெனிசிலின், பாக்டீரியாக்களின் சுவர் உருவாவதைத் தடுத்து அவற்றை அழிக்கிறது. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் நமக்குத் தீங்கில்லை. மலேரியாக் கிருமிக்கும் அச்சுவர் இல்லை. ஆகவே அதன்முன் பெனிசிலின் பயனற்றது. பகைவனின் உயிரணு நம் உயிரணுவை ஒத்திருக்குமளவுக்கு அவனை மட்டும் தாக்கும் மருந்தைத் தேடுவது அரிதாகிறது. உயிரணுவின் வகையறிதல் உயிர்காக்கும் அறிவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உடலுக்குள் பிரிவினை

மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது அறிஞர் மதிப்பீடு. அனைத்தும் ஒரே கருவணுவிலிருந்து பிரிந்து வந்தவை. ஆயினும் வேலைக்கேற்ப வடிவம் வேறுபட்டவை. உடலைப் போர்த்தும் தோலணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டவை. தசையணுக்கள் நீண்டு சுருங்க வல்லவை. நரம்பணுக்களுள் சில முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் இழையுடையவை. செங்குருதி அணுவோ உயிர்வளியைச் சுமப்பதற்காகத் தன் உட்கருவையே துறந்து, ஏறத்தாழ 120 நாள் உழைத்து மடிகிறது.

செடியின் உயிரணுவுக்குச் சவ்வின் வெளியே செல்லுலோசுச் சுவர் உண்டு. சாறு நிறைந்த பெரிய வெற்றிடம் உண்டு. பச்சைப் பகுதிகளில் ஒளியை உணவாக்கும் பசுங்கணிகம் உண்டு. விலங்கின் உயிரணுவுக்கு இம்மூன்றும் இல்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் அட்டவணையாக எழுதி மனப்பாடம் செய்கின்றனர். அதனைக் கண்ணெதிரே காட்டக்கூடிய மரமோ பள்ளி வேலிக்கு அப்பால் நிற்கிறது.

பால்மரம் காட்டும் பாடம்

யோங் பெங், ஜொகூர் மாநிலத்துப் பத்து பகாட் மாவட்டத்தில் அமைந்த ஊர். அதனைச் சூழ்ந்த நிலத்தை வளமாக்கியது ரப்பர்; இன்று செம்பனையும் பரவி நிற்கிறது. பிரேசிலிலிருந்து வந்த ரப்பர் மரம் 1877-இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகளாக வந்து சேர்ந்தது. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். பட்டையில் ஒரு முறை வெட்டிய இடத்தையே மீண்டும் மெல்லச் சீவினால் பால் மிகுதியாக வரும் என்பதே அம்முறை. அதனை நாள்தோறும் நிறைவேற்றிய கைகளுள் பெரும்பாலானவை தமிழரின் கைகள்.

பால் எங்கிருந்து வருகிறது? பட்டையினுள், உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்பட்டு, இடைச்சுவர்கள் கரைந்து, நீண்ட குழாய்களாக ஆகியிருக்கின்றன. அக்குழாய்களில் நிறைந்திருப்பதே பால். ஆகவே மங்கில் வடியும் பால், உயிரணுவின் உயிர்ச்சாறே ஆகும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணிய ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. உட்கருக்களோ குழாயின் சுவரோரம் ஒட்டிக்கொண்டு வெளியேறாமல் நின்றுவிடுகின்றன. அதனாலேயே இழந்த சாற்றை மரம் மீண்டும் உண்டாக்கிக்கொள்ள முடிகிறது.

பால்வெட்டுத் தொழிலாளரின் ஒவ்வொரு வழக்கமும் உயிரணுவின் ஓர் இயல்புக்கு விடையாக அமைந்தது. விடியுமுன் வெட்டச் செல்வானேன்? இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவு. அதனால் குழாய்களில் நீரழுத்தம் மிகுந்து, வெட்டியதும் பால் பொங்கி வரும். வெயில் ஏறினால் அழுத்தம் குறையும். இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சாய்த்து வெட்டுவானேன்? பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே வலஞ்சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சாய்வாக வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். ஆழமாக வெட்டினால் கண்டிக்கப்படுவானேன்? பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதிய உயிரணுக்களைப் பெற்றெடுக்கும் வளர்படை இருக்கிறது. அதில் கத்தி பட்டால் பட்டை சீராக வளராது. ஒவ்வோர் உயிரணுவும் முந்திய உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்ற விர்க்கோவின் உண்மையை, நூல் படியாத நம் பாட்டனும் பாட்டியும் கத்திமுனையில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் காத்துவந்தனர். சில மணி நேரத்தில் பால் தானே நின்றுவிடுவதும் உயிரணுவின் செயலே. சாற்றிலுள்ள சில நுண்பைகள் உடைந்து, துகள்களை உறையச் செய்து வாயை அடைத்துவிடுகின்றன.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஹூக் சீவிப் பார்த்த தக்கையும் மரப்பட்டை. நம் முன்னோர் சீவியதும் மரப்பட்டை. அவர் சீவியதில் இறந்த அறைகள் இருந்தன. நம்மவர் சீவியதில் உயிருள்ள அணுக்கள் இருந்தன. இலண்டன் சீவல் நூலாயிற்று. தோட்டத்துச் சீவல் கூலியாயிற்று. 1925-இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, பால்குழாய்களின் அமைப்பு ஆராயப்பட்டது. ஆயினும் வெட்டியவரின் அறிவும் ஆய்வாளரின் அறிவும் ஒரே பள்ளிப் பாடத்தில் சந்திப்பது இன்றும் அரிதாகவே இருக்கிறது. இன்று ரப்பர் குறைந்து செம்பனை மிகுந்த இடங்களிலும் பாடம் மாறாது. செம்பனைப் பழத்தின் சதையணுக்களுக்குள் துளித்துளியாகச் சேர்ந்திருப்பதே எண்ணெய். பழத்தை வேகவைத்து நசுக்குவது அவ்வணுக்களை உடைப்பதற்கே.

பெயரிட்ட தமிழர்

அறிவியலைத் தமிழில் சொல்லும் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. விர்க்கோ ஐரோப்பாவில் உயிரணுவைப் பற்றிப் பேசிய அதே தலைமுறையில், தமிழ் மாணவர் தம் மொழியில் உடற்கூற்றைக் கற்றனர் என்பது நெஞ்சை நிமிர்த்தும் செய்தி.

1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். பெ. நா. அப்புசுவாமி (1891–1986) தம் நீண்ட வாழ்நாள் முழுவதும் அறிவியலை இனிய தமிழில் எழுதினார். இலங்கையில் அரசு கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டு, 'கலம்', 'இழையம்' போன்ற சொற்களைப் பள்ளிகளில் நிலைபெறச் செய்தது.

இச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் நிறையும் உண்டு, குறையும் உண்டு. 'கலம்' சுருக்கமானது, கூட்டுச்சொல் ஆக்க எளியது. ஆனால் உள்ளிருப்பதை விட்டுக் கொள்கலனையே காட்டுகிறது. 'செல்' உலக வழக்கோடு இணைவது. மலாய்ப் பாடத்துக்குப் பாலமாவது. ஆனால் தமிழில் அச்சொல் போ என்பதையும் கறையானையும் குறிக்கும். ஏட்டைச் செல்லரித்தது என்கிறோம். 'உயிரணு' பொருள் விளங்குவது. ஆனால் 'அணு' என்பது இன்று வேதியியலில் தனிப்பொருள் பெற்றுவிட்டது. உயிருள்ள ஓர் அணுவே உயிரணு என மாணவன் மயங்கக்கூடும். உண்மையில் மனித உயிரணு ஒன்றினுள் ஏறத்தாழ நூறு இலட்சம் கோடி அணுக்கள் உள்ளன. இவ்வொரு வாக்கியத்தை ஆசிரியர் சொல்லிவிட்டால் மயக்கம் தீரும்; சொல்லாவிட்டால் எச்சொல்லைப் பயன்படுத்தினும் தீராது.

ஆசிரியர் கடன்

2003-ஆம் ஆண்டு மலேசியப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2016-இல் வந்த இருமொழித் திட்டம் அவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. தமிழில் அறிவியல் முடியுமா என்று கேட்போர்க்கு உணர்ச்சிமிக்க மேடைப்பேச்சு விடையாகாது. டச்சு மொழியில் எழுதிய துணி வணிகரின் கடிதம் ஒரு விடை. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் பயின்றோர் மற்றொரு விடை. விளங்கும்படி நடத்தப்படும் ஒரு வகுப்பு எல்லாவற்றினும் சிறந்த விடை.

அவ்வகுப்பு வரையறையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்து, ஒரு துளி அயோடின் இட்டு, பள்ளியின் எளிய நுண்ணோக்கியில் காட்டலாம். செங்கல் அடுக்கியது போன்ற அறைகளும் நடுவே உட்கருவும் தெரியும். நீர் கலந்த ஒரு துளிப் பாலை வைத்தால், நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பது தெரியும். அதன்பின் ஹூக் கண்டது என்ன, காணாதது என்ன என்று கேட்கலாம். கலம், செல், உயிரணு என்னும் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எப்பெயர் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்று மாணவரையே ஆராயச் செய்யலாம். அப்போது அறிவியல் பாடம் மொழிப்பாடமுமாகும். மொழிப்பாடம் சிந்தனைப் பாடமுமாகும்.

ஒரு சொல்லை விலக்கி மற்றொன்றை அரியணை ஏற்றுவது நம் முதல் வேலையன்று. சொல்லுக்குள் பொருளைக் குடியேற்றுவதே முதல் வேலை. குடியேறிய பொருள் இல்லாத சொல், ஹூக் கண்ட தக்கையின் அறையைப் போன்றது. சுவர் இருக்கும், உயிர் இராது. பால்மரத்தடியில் ஒரு தலைமுறை கைகளால் அறிந்ததை, அடுத்த தலைமுறை கருத்தாலும் அறிந்து, தன் மொழியில் சொல்லுமானால், கண்ணறை உயிரணுவாகிய அந்நெடும்பயணத்தில் தமிழும் தன் பங்கைச் செய்ததாகும்.